தட்டி, ஊதி, எட்டிப் பார்த்து

"ஒரு வார்த்தைகூடப் பேசாம, அந்த பிரஸ் ஷாப் மொத்தத்தையும் நான் காதுமூடி மாட்ட வைக்கிறேன்" என்று சாப்பாட்டு மேசையை ஓங்கி அறைந்து சொன்னார் இடியார். உப்புக் கிண்ணம் துள்ளிக் கீழே விழுந்தது. மற்றபடி அந்த வீட்டில் எதுவும் அசையவில்லை.

மொத்த ஷாப்பும் மாட்டும் என்பதைக்கூட நம்பிவிடலாம். உலகத்தில் எவ்வளவோ அதிசயம் நடக்கிறது. ஆனால் 'ஒரு வார்த்தைகூடப் பேசாம' என்றாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இடியார் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் யாரும் இன்னும் பிறக்கவில்லை. வாய்க்குள் பஞ்சும் குறடும் இருந்தபோதே பல் மருத்துவருக்குப் பல் பிடுங்கும் விதத்தை விளக்கியவர் அவர். அவர் காலையில் போடும் தும்மலை வைத்து நேரம் பார்த்து வேலைக்குக் கிளம்பியவர்கள் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். அவருக்கு ஜலதோஷம் பிடித்த அன்று அத்தனை பேரும் எந்தத் தும்மல் சரியான தும்மல் என்று தெரியாமல் அலைந்தார்கள்.

அந்தக் குரல் சும்மா வந்ததில்லை. வாஷிங் மெஷினுக்கான இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வீடு உயரத்துக்கு இருக்கும் இயந்திரங்கள் நாள் முழுக்கத் தகட்டின் தலையில் குத்துவிட்டுக்கொண்டே இருக்கும் இடம் அது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவருக்கு இடிக்குரல் வந்தது. பதிலுக்குச் சத்தம் அவருடைய இடது காதை எடுத்துக்கொண்டது. மனைவிக்கு அவரைத் திட்ட வேண்டுமென்றால் இடது பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்வார். திட்டிய திருப்தி அந்தம்மாவுக்கு, திட்டு வாங்காத நிம்மதி இவருக்கு.

"மாமா, விளையாடாதீங்க. எனக்கு ஏற்கெனவே தலை வெடிக்குது" என்றாள் மருமகள்.

வெடிக்காமல் என்ன செய்யும்? அவள் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ ஆராய்ச்சியாளர். பழக்கவழக்கம் என்பது ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படித் தொற்றுகிறது என்பதுதான் அவள் படிப்பு. 'படிச்சதைச் செஞ்சு காட்டும்மா' என்று தொழிற்சாலைக்காரர்கள் அதே பிரஸ் ஷாப்பை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்பவர்கள் காதுமூடி மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாத முடிவில் மேலாளர் நேரில் வந்து பார்ப்பார். மாட்டியிருந்தால் எல்லா ஷாப்புக்கும் அவளே பொறுப்பு. மாட்டாவிட்டால் திட்டமும் இல்லை, திட்டத்தை நம்பி இருந்த அவள் வேலையும் இல்லை. கணவன் கப்பலில் எந்தக் கடலிலோ இருந்தான். ஆக அவள் புலம்பலைக் கேட்க வீட்டில் மிச்சம் இருந்தவை மூன்றே காதுகள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. சொற்பொழிவு நடத்தினாள், எல்லோரும் கைதட்டிவிட்டு, காதுமூடியைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு இயந்திரத்தை ஓட்டினார்கள். மேலாளர் தானே முனைந்து, கண்ணீர் விடும் காது ஒன்றைப் போஸ்டராக அச்சடித்து ஒட்டினார். மறுநாளே அந்தக் காதுக்கு மீசை முளைத்துவிட்டது. ஃபோர்மேனைப் பிடித்து, 'நீங்க மாட்டினா எல்லாரும் மாட்டுவாங்க' என்று கெஞ்சியதற்கு, 'பிரஸ்ஸோட சத்தத்துலதாம்மா அதோட உடம்பு எப்படி இருக்குன்னு தெரியும். காதை மூடிட்டு நான் அதோட கையைப் பிடிச்சு நாடியா பார்க்கறது?' என்று கேட்டுவிட்டார்.

"நீ சொல்லித்தர்ற. அதான் தப்பு" என்றார் இடியார். "சொன்னா எவன் கேப்பான்? நான் போய் மாட்டிக்கிட்டு நிப்பேன். என்னைப் பார்ப்பாங்க. மாட்டுவாங்க."

"ஜனங்க எல்லாரையும் பார்த்துக் கத்துக்க மாட்டாங்க மாமா. யாருக்கு மதிப்பு இருக்கோ அவங்களைப் பார்த்துத்தான் கத்துக்குவாங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"நீங்க ரிடையர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு? பாதிப் பேருக்கு உங்களை யாருன்னே தெரியாது."

"என்னைத் தெரியாதா? நான் மெஷினை ஆஃப் பண்ணினா பக்கத்து ஊர்ல குழந்தைங்க தூக்கம் கலைஞ்சு அழும்!"

மனைவி மட்டும் உடனே அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார். "நான் நம்பறேன். கூட்டிட்டுப் போம்மா. பகல் முழுக்க இவர் வாயை மூடிக்கிட்டு வேற எங்கயோ இருப்பாருன்னா, நான் எதை வேணும்னாலும் நம்பத் தயார்."

வேறு வழி எதுவும் இல்லாததால் மருமகள் ஒப்புக்கொண்டாள். ஷாப்பின் நடுவில் இருக்கும் மேசையில், வளைந்து வரும் தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் தற்காலிக வேலை. காதுமூடியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உபதேசம், ஜாடை, பெருமூச்சு எதுவும் கூடாது. வாயைத் திறந்த நிமிடம் வீடு.

முதல் நாள் இடியார் உள்ளே நுழைந்ததும் ஃபோர்மேன் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "இடி! எங்கய்யா இந்தப் பக்கம்?" இடியார் மகாராஜா கணக்காகத் தலையை அசைத்தார். "என்னய்யா, பேச மாட்டியா?" மறுபடியும் தலையசைப்பு. ஃபோர்மேன் முகம் வெளுத்துவிட்டது. 'அண்ணனுக்குத் தொண்டை சரியில்லை' என்று காலையில் அந்த மேசையிலிருந்து புறப்பட்ட செய்தி, மதியத்துக்குள் அறுவை சிகிச்சையாகி, மாலை ஷாப்பின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நாக்கே இல்லாமல் போயிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தேன் பாட்டில் கொண்டுவந்து மேசையில் வைத்தான். இடியார் அதையும் தலையசைத்தே வாங்கிக்கொண்டார்.

ஆனால் முக்கியமான சம்பவம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஒருவரும் தொடாமல் அலமாரியில் கிடந்த காதுமூடி ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கம்பீரமாக நிமிர்ந்து நின்று மாட்டினார். காதைக் கவியும் வலது கிண்ணத்துக்குள் ஒரு கரப்பான்பூச்சி குடும்பத்தோடு குடியிருந்தது. இப்போது அதற்குக் கதவு திறந்தது இடியாரின் காதுப் பக்கம்.

பிரஸ்ஸின் மேல்முனைவரை அவர் குதித்தார் என்று பின்னால் அவரே சொன்னார். அவ்வளவு இல்லாவிட்டாலும், மேசையைத் தாண்டினார் என்பதற்குச் சாட்சி உண்டு. ஆனால் பாருங்கள், கத்தவில்லை! சட்டைக்குள் கரப்பான் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் ஆடினார். மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மருமகள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

அன்று முதல், காதுமூடியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அவர் முன்னெச்சரிக்கை எடுத்துக்கொண்டார். முதலில் கவிழ்த்துத் தொடையில் தட்டுவார். பிறகு வலது கிண்ணத்துக்குள் ஓர் ஊதல், இடதுக்குள் ஓர் ஊதல். பிறகு ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். குடியிருப்பவர் யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் மாட்டுவார். பயத்தில் செய்கிறார் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொன்றையும் பட்டாபிஷேகம் நடத்துகிற நிதானத்தோடு செய்தார்.

பகலில் அடக்கிவைத்த பேச்செல்லாம் மாலையில் வீட்டுக்கு வந்து அணை உடைந்தது. ஜன்னல் திரைகள் வெளிப்பக்கமாகப் பறந்தன. மனைவிக்குத் தப்பித்து உட்கார இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை என்று ஆகிவிட்டது. "பகல்ல கிடைச்ச நிம்மதியை வட்டியோட திருப்பி வாங்கறாரு" என்று மருமகளிடம் முறையிட்டார்.

சில நாளில் இடியார் தலைகால் புரியாத சந்தோஷத்தில் வந்தார். "மருமகளே, உன் படிப்பு ஜெயிச்சாச்சு! நான் தட்டினா அவங்களும் தட்டறாங்க. நான் ஊதினா அவங்களும் ஊதறாங்க. அந்த கிரேன் ஓட்டற பொண்ணு இருக்கே, மேலிடம், அதுவே செய்யுது! என் மேல என்ன மரியாதை, என்ன மரியாதை! நான் திரும்பினா மொத்த வரிசையும் ஒரே நேரத்துல எட்டிப் பார்க்குது. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு போ."

மருமகளுக்கு வேறு கதை தெரியும். அவள் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

மேலிடம் என்பது கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஷாப் வைத்த பெயர். அந்த ஷாப்பின் உண்மையான ராணி அவள்தான். அவள் டீயில் சர்க்கரையை விட்டால் ஷாப்பே சர்க்கரையை விடும். அவள் தொப்பியைத் திருப்பிப் போட்டால் மறுநாள் எல்லாத் தொப்பிக்கும் பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். அப்படிப்பட்டவள் ஒரு டீ இடைவேளையில் கீழே இறங்கி வந்து, கழுத்தில் கிடந்த காதுமூடியைக் கழற்றி, தொடையில் தட்டி, ஊதி, ஒரு கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, இடியாரைப் போலவே எட்டிப் பார்த்து மாட்டிக் காட்டினாள். ஷாப் விழுந்து விழுந்து சிரித்தது. உடனே எல்லோரும் அவரவர் காதுமூடியை எடுத்துக்கொண்டார்கள். கேலி செய்வதற்கும் பொருள் வேண்டுமே. இடியார் கண்ணில் படும்போதெல்லாம் வரிசையாகத் தட்டி, ஊதி, எட்டிப் பார்த்தார்கள். மாட்டிய பிறகு உடனே கழற்றினால் கேலி பாதியில் முடிந்துவிடும் என்று கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்கள்.

தன் வேலைக்காக வீட்டுப் பெரியவரைக் கொண்டுபோய்க் கோமாளியாக நிறுத்திவிட்டோமே என்று மருமகளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம், வலது பக்கமாக வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

"மாமா, நாளைலேருந்து வர வேண்டாம். அவங்க மரியாதையில செய்யல. உங்களைக் கேலி பண்றாங்க."

இடியார் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போவதுபோல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

மறுநாளும் மூடியே இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில். தும்மல்கூடக் கைக்குட்டைக்குள் முடிந்துவிட்டது. மனைவி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து பார்த்தார். இடது பக்கம் உட்கார்ந்து திட்டிப் பார்த்தார். வலது பக்கம் வந்து கொஞ்சிப் பார்த்தார். கடைசியில் பயந்துபோய் மருமகளுக்கு போன் போட்டு, "நீ என்னம்மா சொன்னே இவர்கிட்ட? எனக்கு இந்த மாதிரி நிம்மதி வேண்டாம், பழைய தொல்லையையே திருப்பிக் கொடு" என்றார்.

அதற்கடுத்த நாள் மேலாளர் வருகிற நாள். மதிய வேளையில் வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. மருமகள் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள்.

"மாமா, சட்டையைப் போடுங்க."

"எதுக்கு? பாக்கி இருக்கறவங்களும் சிரிக்கணுமா?"

"சிரிக்கட்டும். நீங்க வந்து பாருங்க. நான் வாயால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

"நம்பறது நம்பாதது எல்லாம் உன் வேலையாச்சே. எப்பலேருந்து எனக்கு வந்தது?" என்று முனகிக்கொண்டே பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார் இடியார்.

ஷாப்புக்குள் போகவில்லை. பின்படி வழியாக ஏறிக் கண்ணாடி அறையில் நின்று கீழே பார்த்தார்கள். இடியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கீழே ஒரு தலைகூடக் காதுமூடி இல்லாமல் இல்லை. கேலி செய்வதற்கு அவர் அங்கே இல்லாதபோதும்.

"அதோ, அந்த ஓரத்துல பாருங்க. இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவங்க. உங்களைப் பார்த்ததே இல்லை."

புதிதாக வந்த பெண் ஒருத்தி காதுமூடியை எடுத்துச் சும்மா அப்படியே மாட்டிக்கொள்ளப் போனாள். பக்கத்திலிருந்த மூன்று பேர் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்கள். ஒருவன் தொடையைத் தட்டிக் காட்டினான். ஒருத்தி கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினாள். புதியவள் பயபக்தியோடு தட்டினாள், ஊதினாள், எட்டிப் பார்த்தாள், மாட்டினாள். மூவரும் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு இடத்துக்குப் போனார்கள்.

"ஏன்னு கேட்டேன் மாமா. ஒருத்தர் தூசி போறதுக்குங்கறார். ஒருத்தர் மூச்சுச் சூடு பட்டா உள்ள இருக்கற பஞ்சு மெத்துனு உட்காருமாம். இன்னொருத்தர், ஊதாம மாட்டினா அன்னிக்கு நிச்சயம் தகடு கீறுமாம், அவர் கண்ணால பார்த்திருக்காராம்."

"கரப்பான் பூச்சின்னு ஒருத்தன்கூடச் சொல்லலையா?"

"ஒருத்தர்கூட."

அப்போது கீழே ஏதோ சண்டை. ஃபோர்மேன் ஒருவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். இயந்திரம் நின்றிருந்ததால் சத்தம் மேலே வரை கேட்டது.

"அறிவிருக்காய்யா உனக்கு? தட்டறதுக்கு முன்னாடி ஊதறே! முதல்ல தட்டு, அப்புறம்தான் ஊதணும். எத்தனை தடவை சொல்றது? பாரு, இப்படி!" என்று, காதுமூடியே மாட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த அந்த மனிதர் தன்னுடையதை எடுத்துத் தட்டி, ஊதி, எட்டிப் பார்த்து, மாட்டிக் காட்டினார். காட்டிவிட்டுக் கழற்றவில்லை. அப்படியே பிரஸ்ஸிடம் போய், அதன் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

இடியாருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. "அட பைத்தியக்காரக் கூட்டமே! மாட்டறது புரியுது. எதுக்கு என் பயத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டாங்க?"

"அதான் மனுஷங்க மாமா" என்றாள் மருமகள். அவள் கண் மின்னிக்கொண்டிருந்தது. "ஒரு பெட்டியைத் திறக்கறதைக் காட்டி, நடுவுல தேவையே இல்லாம மேல ரெண்டு தட்டுத் தட்டிக் காட்டினா, சிம்பன்ஸி குரங்கு அந்தத் தட்டலை விட்டுட்டு நேரா திறந்துடும். குழந்தை அந்தத் தட்டலையும் சேர்த்து அப்படியே செய்யும். பெரியவங்க இன்னும் மோசம்."

"அப்ப குரங்குக்கு நம்மளைவிட மூளை ஜாஸ்தியா?"

"அந்தப் பெட்டி விஷயத்துல ஜாஸ்திதான். ஆனா எது தேவை, எது தேவையில்லைன்னு எல்லாத்துக்கும் ஒவ்வொருத்தரும் உட்கார்ந்து கண்டுபிடிச்சுக்கிட்டா இருக்க முடியும்? கண்ணை மூடிக்கிட்டு மொத்தமா வாங்கிக்கறோம். அதுல நாலு அசட்டுத்தனமும் வரும், ஒரு நல்லதும் வரும். காரணம் தெரியாமலே அந்த நல்லது நம்ம கைக்கு வந்து சேர்ந்துடும். நான் மாட்டறதை மட்டும் கொடுத்தேன், யாரும் வாங்கல. நீங்க அசட்டுத்தனத்தோட சேர்த்துக் கொடுத்தீங்க..."

"ஏய், அசட்டுத்தனம்னு சொல்லாதே. முன்னெச்சரிக்கை."

"சரி, முன்னெச்சரிக்கை. ஆனா ஒண்ணு மாமா, உங்களைப் பார்த்து அவங்க கத்துக்கல. மேலிடத்தைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க."

"மேலிடம் யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சாம்?"

இடியார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கீழே கேலி செய்தவர்கள் மேல் அவருக்கு இருந்த வருத்தம், அப்படி ஒன்று இருந்ததா என்று அவரே சந்தேகப்படும் அளவுக்குப் போய்விட்டது. கேலி வாங்கவும் ஒரு தகுதி வேண்டாமா? சும்மா போகிறவனையா கேலி செய்வார்கள்?

கதவு திறந்தது. மேலாளர் உள்ளே வந்தார். கண்ணாடி வழியாகக் கீழே ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"பிரமாதம்மா! நான்தான் சொன்னேனே, போஸ்டர் வேலை செய்யும்னு. அந்தக் கண்ணீர் விடற காது, அது என் யோசனை. நம்ம தலைமை அலுவலகத்துல சொல்லிடலாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை நிச்சயம், மேலாளருக்கும் சந்தோஷம், யாருக்கும் நஷ்டம் இல்லை. மருமகள் மேலாளரைப் பார்த்தாள். சுவரோரமாக நின்று கூரையை ஆராய்வதுபோல நடித்துக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தாள்.

"போஸ்டர் இல்லை சார்" என்றாள். "அதுக்கு மீசைதான் வளர்ந்தது. என் சொற்பொழிவும் இல்லை. இதோ நிக்கறாரே, எங்க மாமா, ஷாப்புல இடின்னு சொல்வாங்களே. இவர்தான்."

மேலாளர் இடியாரை மேலும் கீழும் பார்த்தார். "இவரா? இவர் என்ன செஞ்சார்?"

"மாட்டினார். இவரைக் கேலி பண்ணணும்னு அவங்களும் மாட்டினாங்க. கேலி பழக்கமாச்சு. பழக்கம் இப்ப சட்டமாயிடுச்சு, ஃபோர்மேனே காவல் நிக்கறார். அடுத்த ஷாப்புக்கும் இப்படித்தான் போகணும் சார். சொல்லிக் கொடுத்து இல்லை."

மேலாளர் மறுபடி கண்ணாடி வழியாகப் பார்த்தார். கீழே மேலிடம் கிரேனில் ஏறுமுன் காதுமூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "சரி, எல்லா ஷாப்பையும் நீங்களே எடுத்துக்கோங்க" என்றார். பிறகு சந்தேகமாக, "ஃபோர்மேன் என்கிட்ட இவரைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார். இடின்னு பேர் எடுத்தவர்னு. இவர் இத்தனை நாள் அங்க நின்னு யாருக்கும் ஒரு வார்த்தைகூட உபதேசம் பண்ணலைங்கறீங்களா? நம்பற மாதிரியாம்மா இருக்கு?"

இடியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மருமகள் சட்டென்று கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு சார். இவர் வீட்டுல சவால் விட்டப்ப நான் நம்பவே இல்லை. முதல் நாள்லேருந்து இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு, இப்பப் பேசுவார், இப்பப் பேசுவார்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சட்டைக்குள்ள கரப்பான் ஓடறப்பக்கூடப் பார்த்தேன்." அவள் பெருமூச்சு விட்டாள். "பேசலை சார். நிஜமாவே நடந்துச்சு."